முதலில் தனித்தனியாக: வன்னியில் குடும்ப உளவளத்துணைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ ஒரு குடும்பம் உங்கள் வாசலுக்கு வரும்போது, அதற்கு முன்பே நாலைந்து வாசல் ஏறி இறங்கியிருக்கும். இரண்டு பக்கத்துப் பெரியாக்களும் கூடிக் கதைத்திருப்பார்கள். கோயில் ஐயரோ பங்குத்தந்தையோ புத்தி சொல்லியிருப்பார். கிராம சேவகர் (ஜீ.எஸ்.) கூப்பிட்டு விசாரித்திருப்பார். பொலிஸில் முறைப்பாடு எழுதி, "இனிச் சண்டை பிடிக்கமாட்டோம்" என்று இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மத்தியஸ்த சபையில் ஒரு தவணையும் போயிருக்கலாம். எல்லா இடத்திலும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, இருவருக்கும் பொதுவாகப் புத்திமதி சொல்லி, சேர்த்து அனுப்பினார்கள். அந்த ஐந்து இடத்திலும் மனைவி வாய் திறக்கவில்லை என்பதை ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

ஆறாவது ஆளாக நீங்களும் அதையே செய்ய வேண்டாம். இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் ஒன்றை வைத்திருங்கள்: ஒவ்வொருவரையும் தனியாகக் காணாமல் ஒரு சோடியைச் சேர்த்து இருத்தாதீர்கள்.

படிப்பும் பதவியும்

அமெரிக்காவில் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் என்பது உரிமம் வாங்கிச் செய்யும் தனித் தொழில். கலிபோர்னியாவில் முதுமாணிப் பட்டத்தோடு 3000 மணித்தியாலம், குறைந்தது 104 கிழமை, மேற்பார்வையின் கீழ் வேலை செய்தால்தான் அந்த உரிமம் கிடைக்கும். இலங்கையில் அந்தப் பெயரில் தனி உரிமம் இல்லை. இங்கே இந்த வேலையைப் பார்ப்பவர் பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தராகவோ, வைத்தியசாலை உளநலப் பிரிவின் உளசமூகப் பணியாளராகவோ, தொண்டு நிறுவனம் ஒன்றின் களப் பணியாளராகவோ இருப்பார். உளவளத்துணை டிப்ளோமா, உளவியல் அல்லது சமூகப்பணிப் பட்டம் ஆகியவை வழமையான வாசல்கள். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இந்தத் துறைக் கற்கைகளை நடத்துகிறது.

உரிமம் இல்லாத இடத்தில் உங்கள் பிழையைப் பிடிக்கவும் ஆள் இல்லை. ஆகவே வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்ட கையோடு, "எனக்கு மேற்பார்வை செய்வது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்றும் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் மிகக் குறைந்த அளவு. நிறுவனம் தராவிட்டால், அனுபவமுள்ள ஒருவரைத் தேடித் தொலைபேசியிலாவது ஒழுங்கு செய்யுங்கள். குடும்ப வேலையில் ஒரு பக்கம் சாய்ந்து விடுவது மிக எளிது. சாய்ந்தவருக்கு அது தெரியாது.

முதல் கிழமையில் ஒரு தாளில் தொலைபேசி இலக்கங்களை எழுதி மேசைக்குள் ஒட்டுங்கள். பெண்களுக்கான உதவி 1938, சிறுவர் பாதுகாப்பு 1929, உளநல உதவி 1926, பொலிஸ் 119. அவற்றின் கீழ் உங்கள் பிரிவுக்குரிய ஆட்கள்: பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவு, கிட்டிய வைத்தியசாலையின் உளநல வைத்திய அதிகாரி, வன்முறைக்குள்ளானவர்களுக்கென வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையம், சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளை. இலக்கம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரையும் ஒருமுறை நேரில் கண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இரவு ஏழு மணிக்கு ஒரு பெண்ணை எங்கே அனுப்புவது என்று தேடும்போது, முகம் தெரிந்தவர்தான் போனை எடுப்பார்.

அறை

ஒரே உயரமான ஐந்து கதிரை வேண்டும். உங்களுடையது மட்டும் கை வைத்த சுழல் கதிரையாக இருந்தால் நீங்கள் நீதவான் ஆகிவிடுவீர்கள். இடையில் மேசை வேண்டாம். கணவன் மனைவியை நேருக்கு நேர் இருத்தாதீர்கள். முகம் பார்த்துக் கதைக்கப் பழகாதவர்களுக்கு அது விசாரணை போல இருக்கும். இரண்டு கதிரையையும் சற்றுச் சரித்துப் போட்டால், வேண்டியபோது பார்க்கலாம், வேண்டாதபோது யன்னலைப் பார்க்கலாம். பயப்படக்கூடியவரின் கதிரை கதவுக்குக் கிட்ட. தண்ணீர், பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாள், நிறப்பென்சில்.

பெரிய சிக்கல் சத்தம். பல செயலகங்களில் "உளவளத்துணை அறை" என்பது அலுமாரியால் மறைத்த ஒரு மூலை. அந்தப் பக்கம் சமுர்த்தி, அஸ்வெசும என்ற அரச உதவிப்பணத்துக்கு வந்த அயலவர் வரிசையில் நிற்பார். பொதுமக்கள் தினத்தில் குடும்ப அமர்வு வைக்காதீர்கள். மின்விசிறியைக் கதவுப் பக்கம் ஓடவிடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் முன்பள்ளிக் கட்டடமோ மாதர் சங்க மண்டபமோ ஆளில்லாத நேரத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குப் போவது கடைசி வழி. மோட்டார்சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலே "ஆர் வந்தது, என்னத்துக்கு?" என்று நாலு வீட்டில் கேட்பார்கள். போரின் பின் அந்நியர் வந்து விசாரித்துப் போன நினைவு பல வீடுகளில் இன்னும் ஆறவில்லை. போகத்தான் வேண்டுமென்றால், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் அயலுக்குச் சொல்ல விரும்பும் காரணத்தோடு போங்கள்.

நேரம் குறிக்கும்போது வயலையும் பஸ்ஸையும் கேளுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளத்தின் கீழுள்ள குடும்பங்களைக் காலபோக அறுவடைக்குள் வரச் சொன்னால், வராததை "ஆர்வமில்லை" என்று எழுதிவிடுவீர்கள். அது பிழையான பதிவு. துணுக்காய், பூநகரி, மடுப் பக்கத்து ஆட்களுக்குப் பின்னேர அமர்வு வைத்தால் அவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்தபடிதான் இருப்பார்கள்.

முதல் தொலைபேசி

அழைத்தவர் மனைவி என்றால் முதல் கேள்வி பிரச்சினையைப் பற்றியதாக இருக்கக்கூடாது. "இப்ப கதைக்க வசதியோ? பக்கத்தில ஆரும் இருக்கினமோ?" என்று கேளுங்கள். அடுத்து, "நான் திருப்பி எடுக்கலாமோ? எத்தனை மணிக்கு? வேற ஆராவது எடுத்தால் நான் ஆரெண்டு சொல்லுறது?" அவர் சொல்லும் பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். "தையல் வகுப்பு மிஸ் எண்டு சொல்லுங்கோ" என்றால் அதுவே உங்கள் பெயர். "கவுன்சிலிங்கில இருந்து கதைக்கிறம்" என்ற ஒரு வசனம், கைபேசியைக் கணவன் சோதிக்கிற வீட்டில், அன்று இரவு அடியாக முடியலாம்.

தனி அமர்வு

ஒவ்வொருவருக்கும் 40 முதல் 50 நிமிடம். கூடுமானால் வெவ்வேறு நாளில். ஒரே நாள்தான் வசதி என்றால் மனைவியை முதலில் காணுங்கள். கணவன் வாசலில் காத்திருந்தால் இடைவெளி விட்டுக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் "என்ன சொன்னவள்?" என்ற விசாரணை வாங்கிலேயே தொடங்கும். தொடங்கும்போது இரகசியம் பற்றிச் சொல்வதை இருவருக்கும் ஒரே சொற்களில் சொல்லுங்கள்:

"நீங்கள் இங்க சொல்லுறது இந்த அறையை விட்டு வெளியில போகாது. மூண்டு விசயம் மட்டும் வேற. உங்கட உயிருக்கு ஆபத்தெண்டால், இன்னொருத்தற்ற உயிருக்கு ஆபத்தெண்டால், ஒரு பிள்ளைக்கு ஆரும் கெடுதல் செய்தால், நான் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவன். கூப்பிட முதல் உங்களுக்குச் சொல்லுவன்."

தனியாகச் சொன்னதைச் சேர்ந்த அமர்வில் எடுக்கமாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மறைவான கடன், வெளித்தொடர்பு, முதல் கலியாணம் என்று ஏதாவது வெளியே வந்தால், அதை அவரே சொல்வதற்கு ஆயத்தப்படுத்துவது உங்கள் வேலை. நீங்கள் அவிழ்த்துவிட்டால் இரண்டு பேரையும் இழப்பீர்கள்.

வன்முறை இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டால் பதிலும் சுற்றி வளைத்தே வரும். "அடிப்பாரோ?" என்று கேட்டால் "சும்மா இடைக்கிடை, எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே" என்பார். கடைசியாக வந்த சண்டையை எடுத்து, தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். என்ன நேரம், பிள்ளைகள் எங்கே, யார் எழும்பினது, கையில் என்ன இருந்தது. பிறகு நேராக:

"கழுத்தில கை வைச்சவரோ?" கழுத்தை நெரித்தது ஒரேயொரு தடவை என்றாலும் அது உயிராபத்தின் அடையாளம். மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

"அவர் வாற மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் உங்கட உடம்பில என்ன செய்யும்?" பயத்தை இந்தக் கேள்வி காட்டும். கோபமுள்ள மனைவி "எரிச்சல் வரும்" என்பார். பயமுள்ளவர் உடனே பதில் சொல்லமாட்டார், அல்லது பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு விடுவதைச் சொல்வார்.

"அடையாள அட்டை, போன், காசு ஆற்ற கையில?"

"செத்தால் நல்லம் எண்டு நினைச்சதுண்டோ? எப்பிடி எண்டு யோசிச்சதோ?" இதை இருவரிடமும் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இலங்கையில் 1995 இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்தது. அதில் பெரிய பங்கு ஆபத்தான பூச்சிமருந்துகளைத் தடை செய்ததற்கு உரியது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் அந்தக் கணம் கடந்து போய்விடுகிறது. ஆகவே வயல் வீடுகளில் மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கட்டிலுக்குக் கீழே என்றால், அன்றைக்கே தமையன் வீட்டுக்கோ பூட்டுள்ள பெட்டிக்கோ மாற்ற ஒழுங்கு செய்யுங்கள். வேலியில் நஞ்சுக் காயுள்ள அலரி நிற்கிறதா என்பதையும் கேளுங்கள். உடனடித் திட்டம் உள்ளவரைத் தனியே வீட்டுக்கு விடாமல், கூட ஒரு ஆளோடு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

வன்முறை தொடர்கிறது, ஒருவர் பயத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், சேர்ந்த அமர்வு இல்லை. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். உங்கள் முன்னால் அவர் உண்மை சொன்னால் வீட்டில் அதற்குக் கணக்குத் தீர்ப்பார்கள். பொய் சொன்னால் உங்கள் அமர்வே பொய். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் தானே கேட்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். கட்டளை 12 மாதம் வரை செல்லும். மனதைத் துன்புறுத்துவதும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். பதிவில்லாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் இது பொருந்தும். இதை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். துண்டு வீட்டில் அகப்படும். வாயால் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

போக மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். விட்டுப் போகிற நாட்கள்தான் மிக ஆபத்தான நாட்கள். எந்த வீட்டுக்கு ஓடலாம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எங்கே, ஒரு நாள் பஸ் காசு யாரிடம் என்ற மூன்றையும் மட்டும் சேர்ந்து யோசித்து வையுங்கள்.

அதே சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உளவளத்துணைக்குக் கட்டளையிட்டு ஆட்களை உங்களிடம் அனுப்பவும் கூடும். அப்படி வந்தவருக்கு முதலே சொல்லுங்கள்: வந்தார், வரவில்லை என்பதை நீதிமன்றத்துக்கு அறிவிப்பீர்கள், உள்ளே என்ன கதைத்தார் என்பதை எழுதமாட்டீர்கள். அனுப்பும் அலுவலகத்தோடும் இதைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்து வையுங்கள்.

குடும்ப வரைபடம்

வன்முறை இல்லை, அல்லது நின்றுவிட்டது, இருவருக்கும் சேர்ந்து இருக்க விருப்பம். அடுத்து ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். சதுரம் ஆண், வட்டம் பெண், உள்ளே வயது. கலியாணம் கிடைக்கோடு, பதிவில்லாத சேர்க்கை புள்ளிக்கோடு. பிரிந்திருந்தால் கோட்டில் ஒரு வெட்டு, விவாகரத்தென்றால் இரண்டு வெட்டு. இறந்தவருக்குள் பெருக்கல் குறி. சண்டையுள்ள உறவுக்கு வளைந்து வளைந்து போகும் கோடு, மிக நெருங்கியதற்கு மூன்று சமாந்தரக் கோடு. 40 நிமிடம் ஒதுக்குங்கள். பென்சிலால் வரையுங்கள், ஏனென்றால் அழிக்க வேண்டி வரும்.

தாளின் அடியில் ஒரு காலக்கோடு: 1990, 1995 இடப்பெயர்வு, 2008, 2009, செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம். ஒவ்வொன்றிலும் யார் யாரோடு இருந்தார்கள் என்று கேளுங்கள். சிலது உடனே விளங்கும். இயக்கத்துக்கு (விடுதலைப் புலிகளுக்கு)ப் பிள்ளை பிடித்த காலத்தில், கலியாணம் முடித்தவரை விடுவார்கள் என்ற நம்பிக்கையில் பதினாறு, பதினேழு வயதில் கட்டிவைத்த சோடிகள் பலர். இப்போது முப்பதுகளில் நின்று "எனக்கு இவரைப் பிடிச்சதோ எண்டு ஆரும் கேக்கேல்லை" என்று சொல்வது அந்தக் கலியாணத்தைத்தான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையைக் கட்டியதால் மாமி வீட்டில் இன்னும் தனிக் கோப்பை வைக்கிறார்கள் என்பது போன்ற காரணங்கள் வாயால் வரா. கோடு போடும்போது கை தயங்கும் இடத்தில் வரும்.

காணாமற்போனவரின் சதுரத்துக்குள் என்ன போடுவது? இந்தக் கேள்வியைக் குடும்பத்திடம் விடுங்கள். கேள்விக்குறி போடலாம், வெறுமனே விடலாம். நீங்களாகப் பெருக்கல் குறி போட்டீர்களானால் அந்தக் குடும்பம் திரும்ப வராது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளியிடத்துப் பாடப்புத்தகத்தோடு வருபவர் பிழை விடும் இடம் இது. அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பொஸ், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தவர். அவர் சொன்னதன் சாரம், இந்த இழப்புக்கு முடிவு தேடச் சொல்லக்கூடாது, இரண்டு எண்ணத்தையும் ஒருமிக்கத் தாங்கப் பழக்க வேண்டும் என்பது. வன்னி வீடுகளில் இது எப்படித் தெரியும்? ஆடி அமாவாசை வருகிறது. தகப்பன் இறந்தவர்கள் விரதம் பிடிக்கிற நாள். 2009 இல் தகப்பன் சரணடைந்து போனபோது மூன்று வயதாக இருந்த மகன் இப்போது வளர்ந்துவிட்டான். அவன் விரதமா இல்லையா? தாய் "பிடி" என்றால் அப்பம்மா "என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான், நீ அவனைச் சாக்காட்டுறாய்" என்று கத்துவார். தாய் பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை. அவர் வேறொருவரோடு வாழத் தொடங்கினால் ஊர் முழுக்கக் கதை. வெளியில் பார்த்தால் இது மாமி மருமகள் சண்டை. உண்மையில் ஒரே ஆளுக்காக இரண்டு பேரும் வேறு வேறு மாதிரிக் காத்திருக்கிறார்கள்.

செய்யக்கூடியது இது. இரண்டு பெண்களையும் முதலில் தனித்தனியாகக் கண்டு, பிறகு சேர்த்து இருத்தி, அவர் இருக்கிறாரா என்ற கேள்வியைத் தொடாமல், அவரைப் பற்றிக் கதைக்கச் சொல்லுங்கள். என்ன கறி விருப்பம், யாரைப்போலப் பிள்ளை சிரிக்கிறான். அதற்குப் பிறகு, இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு செயலைத் தேடுங்கள். சில வீடுகளில் விரதம் இல்லாமல் அவர் பிறந்த நாளில் கோயிலில் அர்ச்சனை. கத்தோலிக்க வீட்டில் இறந்தோர் பூசைக்குப் பெயர் கொடுக்காமல், அவருக்காக ஒரு மெழுகுதிரி. பத்திரத் தேவை வேறு விடயம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்காக 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணப்படவில்லை என்று காட்டும் சான்றிதழ் ஏற்படுத்தப்பட்டது. அது இருப்பதைச் சொல்லுங்கள். எடுக்கச் சொல்லாதீர்கள்.

சேர்ந்த அமர்வு

75 நிமிடம். முதல் 10 நிமிடம் கடந்த கிழமை எப்படிப் போனது. ஒரு அமர்வுக்கு ஒரே விடயம். அதை இருவரும் சேர்ந்து தெரிவுசெய்ய வேண்டும். ஒருவர் மூன்று நிமிடம் கதைக்க, மற்றவர் "நீர் சொன்னது இதுதானே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் சொல்லக்கூடாது, திருப்பிச் சொல்ல மட்டும். முதல் தடவை எல்லோரும் தவறுவார்கள், "ஓம், ஆனா நீயும்..." என்று தொடங்குவார்கள். கையைக் காட்டி நிறுத்தி மறுபடி தொடக்குங்கள். மூன்றாம் நாலாம் தடவையில் கணவன் மனைவியின் சொல்லைத் தன் வாயால் சொல்லும்போது முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடாத சோடிகள் பலர். மனைவி கணவனை "பிள்ளையின்ர அப்பா" என்பார், கணவன் மனைவியை "நீ, வா, போ" என்பார். அதைத் திருத்துவதிலேயே அமர்வைச் செலவழிக்காதீர்கள். ஆனால் நீங்கள் இருவரையும் ஒரே மரியாதையில் கூப்பிடுங்கள். கணவனை "அண்ணை", மனைவியை "பிள்ளை" என்றால் ஒரு கதிரை உயர்ந்துவிட்டது.

நாடித்துடிப்பு 100 ஐத் தாண்டினால் மனிதர் கேட்கும் நிலையில் இல்லை என்று தம்பதிகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மனின் ஆய்வுகள் காட்டின. கழுத்து நரம்பு புடைத்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், நிறுத்துங்கள். ஒருவரை வேப்பமரத்தடிக்கு, மற்றவரை உள்ளே. குறைந்தது 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டால் உடம்பு இன்னும் ஆறியிருக்காது. அந்த நேரத்தில் அவர் சண்டையை மனதுக்குள் ஓட்டாமல் இருக்கத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், வயலைப் பற்றிக் கதை கொடுங்கள்.

பிள்ளை வழியாகக் கதைக்கும் வீடுகளைக் கவனியுங்கள். தாய் அடுப்படியில் நின்றபடி, "அப்பாவிட்டச் சொல்லு, சாப்பாடு போட்டிருக்கு." ஆறு வயதுப் பிள்ளை விறாந்தைக்கு ஓடும். "அம்மாவிட்டச் சொல்லு, எனக்கு வேண்டாம்." திரும்ப ஓடும். இரண்டு பேருக்கும் இடையில் தாங்க முடியாததை மூன்றாமவர் மேல் ஏற்றுவதை அமெரிக்க உளநல வைத்தியர் மரே போவன் முக்கோணம் என்றார். பள்ளிக்கூடத்தில் வயிற்றுக்குத்து என்று அடிக்கடி வீட்டுக்கு வருகிற பிள்ளை பலமுறை இந்த மூன்றாவது மூலையில் நிற்கும் பிள்ளைதான். வீட்டுவேலையாக இதைக் கொடுங்கள்: ஒரு கிழமைக்கு ஒரு செய்தியையும் பிள்ளையிடம் அனுப்புவதில்லை. சொல்ல முடியாததைத் தாளில் எழுதி மேசையில் வைக்கலாம். பிள்ளையின் வயிற்றுக்குத்து எத்தனை நாள் வந்தது என்று எண்ணி வரச் சொல்லுங்கள். வயிற்றை வைத்தியரும் ஒருமுறை பார்க்கட்டும்.

"நீங்கள் இரண்டு பேரும் கதையாமல் இருந்தால் வீட்டில முதல் ஆருக்குத் தெரியவரும்?" என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பத்திடமும் கேளுங்கள். யார் சொல்லப்படுகிறாரோ அவரை அடுத்த முறை கூப்பிடலாம்.

கடன், குடி, உடம்பு

கிழமைக் கடன் உள்ள வீட்டில் உறவைப் பற்றி மட்டும் கதைப்பது வீண். ஒரு கொப்பித் தாளில் நாலு நிரல்: யாரிடம், மிச்சம் எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு, எந்த நாள். நுண்நிதி, சீட்டு, நகை அடகு, கடைக் கொப்பி எல்லாம் வர வேண்டும். சண்டை எந்த நாளில் வருகிறது என்பதை ஐந்தாவது நிரலாகப் போடுங்கள். லோன் காரர் வருகிற நாளும் சண்டை வருகிற நாளும் ஒன்றாயிருப்பதைத் தங்கள் கையெழுத்திலேயே பார்த்தால் கணவன் மனைவியைக் குற்றம் சொல்வது சற்றுத் தணியும். நீங்கள் காசு கொடுக்கவோ பொறுப்பு நிற்கவோ வேண்டாம். ஒருமுறை செய்தால் அதன்பின் நீங்களும் கடன்காரர்.

வெறியில் வந்தவரோடு அமர்வு வைக்காதீர்கள். மரியாதையாக வேறு நாள் கொடுங்கள். தினமும் கடுமையாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறது. நிறுத்தி 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாளில் நடுக்கம், வேர்வை, இல்லாததைக் காண்பது, ஆள் தெரியாமற்போவது. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ நேர்ந்துகொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் உண்டு. நேர்த்தியைத் தடுக்காதீர்கள். நேர்த்திக்கு முன் வைத்தியசாலைக்குப் போய் மருந்தோடு நிறுத்த அனுப்புங்கள். "பேய் பிடிச்சிட்டுது" என்று மூன்றாம் நாள் பூசாரியிடம் கொண்டுபோனால் உயிர் போகலாம் என்பதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள்.

"முந்தி இப்பிடி இல்லை, 2009க்குப் பிறகுதான் சும்மா சும்மா கோபம்" என்றால் உடம்பில் செல் துண்டு இருக்கிறதா, தலையில் அடிபட்டதா, நித்திரையில் கத்தி எழும்புகிறாரா என்று கேளுங்கள். தலைக்காயமும் பழைய பயமும் குணம் போலத் தோற்றம் காட்டும். உளநல வைத்திய அதிகாரி பார்க்க வேண்டியதை நீங்கள் கதைத்துத் தீர்க்க முடியாது. மனைவிக்குச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: நித்திரையிலிருந்து அவரைத் தொட்டு எழுப்பாமல், கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டில் கணவன்

கட்டார், குவைத், சவுதி மூன்றும் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின். அங்கே பலருக்கு வெள்ளி ஓய்வு. அதனால் நம் நேரம் வெள்ளி முற்பகல் 11 மணிக்கு வட்ஸ்அப் அமர்வு வைத்தால் அவருக்குக் காலை எட்டரை. அவர் தங்கியிருக்கும் அறையில் இன்னும் ஏழு பேர் இருப்பார்கள். ஹெட்போன் இருக்கிறதா, வெளியே போய்க் கதைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டபின் தொடங்குங்கள். இங்கும் முதலில் தனித்தனியாகத்தான்.

பதிவு

கொப்பியில் பெயர் வேண்டாம், இலக்கம் போடுங்கள். இலக்கத்துக்குரிய பெயர்ப் பட்டியல் வேறு அலுமாரியில், பூட்டுக்குள். வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். யார் இயக்கத்தில் இருந்தார், எந்தப் படையணி, எங்கே சரணடைந்தார் என்பவை உளவளத்துணைக்குத் தேவையில்லை என்றால் எழுதவே வேண்டாம். யாராவது கோவையைக் கேட்டால் உடனே கொடுக்காமல், "எழுத்தில் கேளுங்கள், என் மேலதிகாரியிடம் சமர்ப்பிக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஊர் வட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருந்தால், அங்கே குடும்பச் சண்டை பற்றிய எந்தச் செய்திக்கும் ஒரு கட்டைவிரல் இமோஜிகூடப் போடாதீர்கள்.

முடிப்பது

ஆறிலிருந்து எட்டு அமர்வு, முதலில் கிழமைக்கு ஒன்று, பிறகு இரு கிழமைக்கு ஒன்று. சில சோடிகள் பிரியத்தான் போகிறார்கள். அவர்களை அமைதியாகப் பிரிய உதவுவதும் இதே வேலைதான். பிள்ளை யாரோடு, எந்த நாளில் மற்றவரைக் காண்பது, பள்ளிக்கூடச் செலவு யார் என்பதை இருவரும் சொல்ல எழுதுங்கள். கலியாணப் பதிவு இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்க 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. காணி விடயத்தில் வாய் வைக்காமல் சட்ட உதவிக்கு அனுப்புங்கள். வடக்குத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இது தெரியாமல் "உங்கட சீதனக் காணிதானே, வித்துப்போட்டுப் போங்கோ" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு நாலு குடும்பத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஐந்தாவது குடும்பத்திடம் நீங்களும் புத்திமதி சொல்லத் தொடங்குவீர்கள்.

கடைசி அமர்வில், ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் ஒரு அழைப்பு எடுப்பதாகச் சொல்லி நாள் குறியுங்கள். எடுக்க முன் முதல் நாள் எழுதிய தாளைப் பாருங்கள்: எத்தனை மணி, என்ன பெயர். மூன்று மாதத்தில் கைபேசி கைமாறியிருக்கலாம். வேறு குரல் கேட்டால் நீங்கள் இன்னும் தையல் வகுப்பு மிஸ்தான்.